பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவில்: வாசகர் கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பாடசாலைகளில் புதுக்குடும்பங்களுக்கு உதவும் தமிழ்ப் பணியாளர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஸ்காபரோவில் குடியமர்வுப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இலங்கையிலிருந்து வந்த பிள்ளையைப் பாடசாலையில் பதியக் கூட்டிப்போகும்போது எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

பதில்: பிறந்த திகதிக்கான சான்று, குடிவரவுப் பத்திரம், முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, கடைசியாகப் படித்த பாடசாலையின் அறிக்கை. இவற்றை ஒரே உறையில் போட்டுக்கொண்டு போங்கள். குடிவரவு நிலை தீராத குடும்பம் என்றால் தயங்க வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, தானோ பெற்றோரோ சட்டப்படி அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகச் சேர்க்க மறுக்க முடியாது. மாகாணக் கல்விச் சட்டத்தின் 49.1 பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வரவேற்பு மேசையில் மறுத்தால், இந்த இலக்கத்தைச் சொல்லி அதிபரைப் பார்க்கக் கேளுங்கள்.

தடுப்பூசி அட்டையில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். இலங்கை அரசின் அட்டவணையில் கொப்பளிப்பான் ஊசியும் மெனிங்கோகொக்கல் ஊசியும் இல்லை. ஒன்ராறியோவோ மெனிங்கோகொக்கல் ஊசியைக் கேட்கிறது. 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைக்குக் கொப்பளிப்பான் ஊசியையும் கேட்கிறது. "ஊரில் எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று தாய் சொல்வது உண்மைதான், ஆனால் இங்கே அது போதாது. இன்னொன்று: வைத்தியர் ஊசி போட்டால் விபரம் தானாகச் சுகாதாரப் பிரிவுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை அறிவிக்க வேண்டியது பெற்றோர். அறிவிக்காமல் விட்டால் பிள்ளையை 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்தலாம்.

பிறகு, படிப்பு. எந்த வகுப்பு என்பதை வயதுதான் தீர்மானிக்கும்; "ஒரு வகுப்பு இறக்கி விடுங்கோ" என்ற கோரிக்கை பெரும்பாலும் எடுபடாது. எந்த வகை ஆங்கில உதவி என்பதுதான் இங்கே கேள்வி. வயதுக்கேற்ற படிப்பு இருந்து ஆங்கிலம் மட்டும் இல்லாத பிள்ளைக்கு ஈ.எஸ்.எல். (ஆங்கிலம் இரண்டாம் மொழியாக) வகுப்பு. படிப்பு இடையில் அறுந்துபோன பிள்ளைக்கு ஈ.எல்.டி. (ஆங்கில எழுத்தறிவு வளர்ச்சி) வகுப்பு. இதைப் பிரித்தறிய ஆண்டுவாரியாகக் கேளுங்கள்: எந்த ஆண்டு எந்த ஊர், எந்தப் பாடசாலை, எத்தனை மாதம் போகவில்லை. முடிந்தால் ஒரு தமிழ்ப் பாடப்புத்தகப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழைச் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு வாசிப்பு தெரியும், ஆங்கிலம்தான் தெரியாது. தமிழிலேயே எழுத்துக் கூட்டித் தடுமாறினால் அது வேறு விடயம். மதிப்பிடும் ஆசிரியர் இதைத் தானாக அறிய வழியில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் சொன்னதை அப்படியே தமிழில் சொல்கிறேன். ஆனாலும் பெற்றோர் ஒன்றை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஏன்?

பதில்: ஒன்ராறியோ அறிக்கை அட்டையில் சில சாதாரணச் சொற்களுக்கு அளவு உண்டு. "லிமிடட்" என்றால் நிலை 1. "சம்" என்றால் நிலை 2. "கன்சிடரபிள்" என்றால் நிலை 3. "ஹை டிகிரி" என்றால் நிலை 4. மாகாணம் எதிர்பார்ப்பது நிலை 3, அதாவது பி, 70 முதல் 79 வரை. ஆசிரியர் "சம் அண்டர்ஸ்ராண்டிங்" என்று சொல்ல, நீங்கள் "கொஞ்சம் விளங்குது" என்று சொன்னால் தாய்க்கு ஆறுதலாக இருக்கும். உண்மையில் மாகாணம் எதிர்பார்க்கும் இடத்துக்குப் பிள்ளை இன்னும் வரவில்லை. "ஓரளவுதான் விளங்குகிறது, இது நிலை 2" என்று இலக்கத்தோடு சொல்லுங்கள். மறுபக்கம், பி எடுத்த பிள்ளைக்கு வீட்டில் ஏச்சு விழுகிறது. இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையில் 75க்கு ஏ வாங்கிப் பழகிய தகப்பனுக்கு, பி என்றால் வகுப்புக்கு வேண்டிய அளவை எட்டிவிட்டது என்பதை யாராவது சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தைச் சந்திப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நடுவில் நின்று விரிவுரை செய்யக் கூடாது.

எங்கள் பெற்றோரின் "சரி ரீச்சர்" இன்னொரு பொறி. அது மரியாதைக்குச் சொல்வது. ஆசிரியரோ சம்மதம் என்று குறித்துக்கொள்வார். முக்கியமான முடிவுக்குப் பிறகு, "இப்ப என்ன நடக்கப்போகுது என்று நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ, அம்மா" என்று ஆசிரியரைக் கேட்க வையுங்கள். தாயின் வாயால் வரும்போது பிழை தெரிந்துவிடும்.

15 நிமிடச் சந்திப்பில் உரைபெயர்ப்பு போக, பேசக் கிடைப்பது ஏழு நிமிடம்தான். இரண்டு நேர இடைவெளிகளைச் சேர்த்து முன்கூட்டியே பதியுங்கள். தாயும் ஆசிரியரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்கார வைத்து, நீங்கள் சற்றுத் தள்ளி இருங்கள். "அவ சொல்லுறா" என்று தொடங்காமல், "நான்" என்றே பேசுங்கள்.

கேள்வி: என் 13 வயது மகன் நன்றாக ஆங்கிலம் பேசுவான். சந்திப்பில் அவனே சொன்னால் என்ன?

பதில்: வேண்டாம். தன்னைப் பற்றிய குறையைத் தானே தாயிடம் சொல்லும் பாரத்தை எந்தப் பிள்ளையிலும் ஏற்றக் கூடாது. அவன் மென்மையாக்கித்தான் சொல்லுவான். குறைந்தது ஒரு வாரம் முன்பே பாடசாலை அலுவலகத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு "ஐ.பி.ஆர்.சி." என்று கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் அவளை வேறு பாடசாலைக்கு அனுப்பிவிடுவார்களா?

பதில்: அது பிள்ளையின் கற்றல் தேவையை அடையாளம் கண்டு, எந்த வகுப்பில் எப்படி உதவுவது என்று தீர்மானிக்கும் குழு. அங்கே நீங்கள் கேட்கப்போகும் சொல் "எக்ஸெப்ஷனல்". பேச்சு வழக்கில் அது "மிகச் சிறந்த" என்று பொருள்படும். இங்கே சட்டச் சொல். விசேட கல்வி உதவி தேவைப்படும் பிள்ளை என்பதுதான் பொருள். மீத்திறன் பிள்ளையும் அதில் அடங்கும், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையும் அடங்கும். உரைபெயர்ப்பாளர்களுக்கும் சொல்கிறோம்: இதை "திறமையான பிள்ளை" என்று சொல்லிவிடாதீர்கள். "குறையுள்ள பிள்ளை" என்றும் வேண்டாம். "விசேட உதவி தேவை என்று குழு முடிவெடுத்திருக்கிறது, காரணம் இது" என்று வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே எழுத்தில் அறிவித்தல் வர வேண்டும். நீங்கள் போகலாம், உங்களுக்காகப் பேச ஒருவரையும் கூட்டிப்போகலாம். அதே மேசையில் கையெழுத்திட வேண்டியதில்லை; பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கலாம். முடிவு பிடிக்காவிட்டால், அது கையில் கிடைத்து 15 நாட்களுக்குள் இரண்டாவது கூட்டம் கேட்கலாம். அல்லது 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பயத்தில் கையெழுத்துப் போடாமல் பேசாமல் இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணுவதுதான் பெரிய பிழை. மேன்முறையீடு இல்லாவிட்டால் பாடசாலைச் சபை அந்த முடிவையே நடைமுறைப்படுத்தும். பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: தகப்பன் பிள்ளையைப் பெல்ற்றால் அடிப்பதாக ஒரு தாய் என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றும் கேட்டார். என்ன செய்வது?

பதில்: அன்றே சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அழைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர், குடும்பச் சேவைகள் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கும் எவருக்கும் இந்தக் கடமையை வைக்கிறது. நிரூபணம் தேவையில்லை. அதிபரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார் என்பதும் செல்லாது. நீங்களே நேரடியாகச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தாய் சொன்ன சொற்களை அப்படியே தமிழில் குறித்து, பக்கத்தில் ஆங்கிலத்தை எழுதுங்கள். "அடி" என்ற ஒரே சொல் தட்டுவதற்கும் வரும், தழும்பு விழ அடிப்பதற்கும் வரும். எதால், எங்கே, எத்தனை தடவை என்று தாய் சொன்னது மட்டும் இருக்கட்டும். துருவி விசாரிப்பது சங்கத்தின் வேலை.

இந்தத் தாய்க்கு நீங்கள் துரோகம் செய்ததுபோல் தோன்றும், அது உண்மையிலேயே கனமான விடயம். அதனால் இனி வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: "நீங்கள் சொல்லுறதை வெளியில் சொல்லமாட்டேன், அம்மா. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிஞ்சால் மட்டும் நான் அறிவிக்கவேணும், சட்டம் அப்படி. அப்பவும் உங்களோடயே நிண்டு, அடுத்தது என்ன என்று சொல்லுவன்."