கேளுங்கள், சொல்கிறோம்: கேசினோ ஹோட்டலில் தங்கலாமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சில மாதங்கள் இருந்துவிட்டு வரப் புறப்படும் பெற்றோரின் பயணத் திட்டத்தில், நயாகராவுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் அடுத்தபடியாக லாஸ் வேகாஸும் இடம்பிடித்துவிட்டது. அங்குள்ள கேசினோ ஹோட்டல்களில் தங்குவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மதுரை வாசகர்: ஐயா, கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மகன், லாஸ் வேகாஸில் கேசினோ உள்ள ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு அறை எடுத்திருக்கிறான். நானும் என் மனைவியும் சீட்டைக் கையால் தொட்டதில்லை. சூதாடாதவர்கள் அங்கே தங்குவது சரிப்படுமா? விளையாடச் சொல்லி வற்புறுத்துவார்களா?

தாராளமாகத் தங்கலாம், உங்களை ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. இன்று ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் சாலையில் முதல் கேசினோ ஹோட்டல் 1941-இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரை அறையும் சாப்பாடும் ஆட்டக்காரர்களை உள்ளே இழுக்கும் தூண்டில்களாகவே இருந்தன. அவற்றில் ஏற்படும் நஷ்டத்தைச் சூதாட்ட மேசைகள் ஈடுகட்டின. இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. ஸ்ட்ரிப்பில் உள்ள பெரிய ஹோட்டல்களின் வருவாயில் சூதாட்டத்தின் பங்கு பாதிக்கும் குறைவு; மீதி அறை வாடகை, உணவகம், கலை நிகழ்ச்சி, கடைகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே சூதாடாத விருந்தினரான நீங்களும் அவர்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர்தான். உங்களைப் பொறுத்தவரை கவனம் தேவைப்படுவது மேசையில் அல்ல, பில்லில்.

வற்புறுத்தும் வேலையை மனிதர்கள் செய்யாவிட்டாலும் கட்டடம் செய்யும். பெரும்பாலான ஹோட்டல்களில் வரவேற்பு மேசையிலிருந்து லிஃப்டுக்கும், லிஃப்டிலிருந்து உணவகத்துக்கும் சூதாட்டக் கூடத்தின் ஊடாகத்தான் போக வேண்டியிருக்கும். ஜன்னலையோ கடிகாரத்தையோ அங்கே எளிதில் காண முடியாது. தாழ்ந்த கூரையும் சுற்றிச் சுற்றிச் செல்லும் பாதையும் கொண்ட கூடமே ஆட்டக்காரரைப் பிடித்து நிறுத்தும் என்று வாதிட்டவர் கேசினோ வடிவமைப்பு ஆலோசகர் பில் ஃப்ரீட்மன். அதற்கு நேர்மாறாக, உயர்ந்த கூரை, இயற்கை வெளிச்சம், பூக்கள் என்று விருந்தினரை மகிழ்வித்தாலே அவர் தாமாகச் செலவழிப்பார் என்று பெல்லாஜியோ ஹோட்டலை அலங்கரித்துக் காட்டியவர் உள்ளலங்கார வடிவமைப்பாளர் ரோஜர் தாமஸ். 1998-இல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டலின் முன்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், டேல் சிஹூலி என்ற கலைஞரின் குழுவினர் வாயால் ஊதிச் செய்த ஏறக்குறைய 2,000 கண்ணாடிப் பூக்கள் கூரையில் படர்ந்திருப்பதைக் காணலாம். வெளியே ஏரியில் நடக்கும் நீரூற்று நடனத்துக்கும் கட்டணம் இல்லை. வேறு ஹோட்டலில் தங்கியிருந்தாலும் இவற்றைப் பார்க்கத் தடையில்லை.

உங்கள் இருவருக்கும் மூட்டு வலி இருக்குமானால், லிஃப்டுக்கு அருகில் அறை வேண்டும் என்று மகனை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். படத்தில் பார்க்கும்போது எதிரெதிரே இருப்பதுபோல் தோன்றும் இரண்டு ஹோட்டல்களுக்கு இடையே கால் மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். பிரமிடு வடிவத்தில் 1993-இல் கட்டப்பட்ட லக்ஸர் ஹோட்டலில் லிஃப்டே 39 பாகைச் சாய்வில்தான் மேலே ஏறும். தலைச்சுற்றல் உள்ளவர்கள் அதை யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சேலம் வாசகி: இணையதளத்தில் ஓர் இரவுக்கு 60 டாலர் என்று பார்த்துத்தான் பதிவு செய்தோம். கிளம்பும்போது ஓர் இரவுக்கு ஏறக்குறைய 120 டாலர் ஆகிவிட்டது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

நீங்கள் குறிப்பிட்ட ஹோட்டலின் பெயரை வெளியிடவில்லை. ஏனென்றால் இது ஒரு ஹோட்டலின் பழக்கமன்று, அந்த ஊரின் பழக்கம். வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஓர் இரவுக்கு 40, 50 டாலர் வசூலிப்பார்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வைஃபை ஆகியவற்றுக்கான கட்டணம் என்பார்கள். குளத்தில் கால் நனைக்காதவரும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் 60 டாலரோடு 45 டாலரைச் சேர்த்தால் 105. இரண்டின் மீதும் சுமார் 13 சதவீத அறை வரி விதித்தால் 119 டாலர் வருகிறது. எனவே பில் சரியானதுதான். மோசடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பின்னால் வேறொன்றை வாங்குவது நாணயமான வியாபாரம் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதி ஒன்று 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி, கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்த தொகையையே விளம்பரத்தில் காட்ட வேண்டும். ஆயினும் வரியைத் தனியாகக் காட்டலாம் என்பதால், பணம் செலுத்துவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் உள்ள தொகையைப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

கார் நிறுத்தவும் பல ஹோட்டல்களில் தனிக் கட்டணம் உண்டு. அறைக்குள் நுழையும்போதே முன்பணமாக ஒரு தொகையை உங்கள் அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுத்தால் தொல்லை இல்லை, டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்குக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகலாம். அறையில் இருக்கும் சிறு ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஹோட்டல்களில் அதன் தட்டுகளில் உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். விலையைப் பார்ப்பதற்காகச் சாக்லேட்டை எடுத்துச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாலே அது உங்கள் கணக்கில் ஏறிவிடும். மாத்திரையையும் தயிரையும் வைக்கலாம் என்று அங்கிருப்பவற்றை நகர்த்தி வைப்பது நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்படிச் செய்ய வேண்டாம். மருந்துக்காக என்று சொல்லித் தனி ஃபிரிட்ஜ் கேளுங்கள்.

வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து வார நாட்களில் போனால் அதே அறை பாதி விலைக்கும் கிடைப்பதுண்டு. ஆனால் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் மின்னணுக் கண்காட்சி, நவம்பரில் நடக்கும் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் போன்றவை இருக்கும் நாட்களில் வார நாள் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

தஞ்சாவூர் வாசகர்: விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி குடித்துப் பழகியவன் நான். நாங்கள் தங்கிய அறையில் வெந்நீர் வைக்கக்கூட ஒரு கெட்டில் இல்லை. அத்தனை பெரிய ஹோட்டலில் இது ஏன்?

பெரிய ஹோட்டல் என்பதால்தான் இல்லை. அறையிலேயே காபி கிடைத்துவிட்டால் நீங்கள் கீழே இறங்கி, பணம் போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்களைக் கடந்து, வரிசையில் நின்று, ஒரு கோப்பைக்கு ஏழெட்டு டாலர் கொடுக்க மாட்டீர்கள் அல்லவா! சில ஹோட்டல்களில் கேட்டால் கெட்டில் தருவார்கள். அதற்கும் கட்டணம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கெட்டில் கொண்டுபோவதில் பயனில்லை. அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டில் அதில் நான்கில் ஒரு பங்குத் திறனோடுதான் வேலை செய்யும். உங்கள் பிள்ளை வீட்டில் இருக்கும் கெட்டிலையும் இன்ஸ்டன்ட் காபித் தூளையும் எடுத்துச் செல்வதுதான் வழி. தயிர்சாதமும் வேண்டும் என்பவர்களுக்கு, ஸ்ட்ரிப்பிலேயே கேசினோ இல்லாத விடாரா போன்ற ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கு அறைகளில் சிறு சமையலறை வசதி உண்டு, புகைபிடிக்கவும் அனுமதி இல்லை.

சென்னை வாசகி: பன்னிரண்டு, பதினாறு வயதில் எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களைக் கேசினோ ஹோட்டலுக்கு அழைத்துச் செல்ல அனுமதி உண்டா?

தங்க அனுமதி உண்டு. ஆனால் 21 வயது நிரம்பாதவர்கள் சூதாட்டக் கூடத்தில் நிற்கக் கூடாது. அதன் வழியாகக் கடந்து போகலாம், அவ்வளவே. நீங்கள் ஓர் இயந்திரத்தில் ஒரு டாலரைப் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, பிள்ளைகள் பக்கத்தில் நின்றால், காவலர் வந்து நகரச் சொல்வார். அதைவிட உங்களைச் சங்கடப்படுத்தக்கூடியது புகை. நெவாடாவில் 2006-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய தூய காற்றுச் சட்டம், கேசினோ கூடங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. பிள்ளைகளில் ஒருவருக்கு ஆஸ்துமா இருக்குமானால் 2020 முதல் முழுவதுமாகப் புகையில்லாக் கேசினோவாக இயங்கும் பார்க் எம்.ஜி.எம். போன்ற இடத்தைத் தேடுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: என் நண்பருக்கு அங்கே மதுவும் இரவு உணவும் இலவசமாகக் கொடுத்தார்களாம். உண்மையில் இலவசம்தானா?

உங்கள் நண்பர் உறுப்பினர் அட்டை வாங்கியிருப்பார். அதைக் கொண்டு அவர் எவ்வளவு நேரம், எவ்வளவு தொகைக்கு ஆடுகிறார் என்று பதிவு செய்வார்கள். அவர் உண்மையில் தோற்றாரா, வென்றாரா என்பதைவிட, சராசரியாக எவ்வளவு தோற்பார் என்பதே அவர்களுக்கு முக்கியம். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம். இரண்டு பூஜ்யங்கள் கொண்ட அமெரிக்க ரூலெட்டில் 38 குழிகள் உண்டு. ஓர் எண்ணில் வைத்து வென்றால், வைத்த பணத்தோடு அதைப்போல் 35 மடங்குதான் தருவார்கள். இதனால் வைக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 5.26 டாலர் சராசரியாக ஹோட்டலுக்குப் போகிறது. சுற்றுக்கு 10 டாலர், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்று ஆடினால், மொத்தமாக வைத்த தொகை 1,600 டாலர்; எதிர்பார்க்கும் இழப்பு 84 டாலர். அதில் ஒரு பங்கை எடுத்துத்தான் சாப்பாடு போடுகிறார்கள்.

திருநெல்வேலி வாசகர்: சுற்றுலா வந்த இந்தியர் ஒருவர் அங்கே வென்றால் வரி உண்டா?

ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய தொகை விழுந்தால், வெளிநாட்டவருக்கு 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிளாக்ஜாக், பக்கரா என்னும் சீட்டாட்டங்கள், கிராப்ஸ் என்னும் பகடையாட்டம், ரூலெட் ஆகியவற்றில் வெல்வதற்கு இந்தப் பிடித்தம் இல்லை. இந்தியாவில் வசிப்பவர் எந்த நாட்டில் வென்றாலும், ஊர் திரும்பியதும் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும்.

ஈரோடு வாசகி: அறையைச் சுத்தம் செய்பவர்களுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது முறை?

நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து டாலர் வரை கொடுப்பது வழக்கம். தினமும் அறையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு கொரோனா காலத்தில் தளர்ந்திருந்தது. துப்புரவு செய்யாத அறை மறுநாள் இரண்டு மடங்கு வேலையாகிறது என்பதால், அறைத் துப்புரவுப் பணியாளர்களும் சேர்ந்துள்ள அங்குள்ள சமையல் தொழிலாளர் சங்கம் 2023-இல் பெரிய ஹோட்டல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அதை மீண்டும் கேட்டுப் பெற்றது. எனவே ‘தொந்தரவு வேண்டாம்’ அட்டையைக் கதவில் தொங்கவிட்டு அவர்களுக்கு உதவுவதாக எண்ண வேண்டாம். டிப்ஸைக் கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல் அன்றன்றே வையுங்கள்; இன்று வருபவரே நாளையும் வருவார் என்று சொல்ல முடியாது.