ஹைபிரிட் கார்: லிட்டரில் கணக்குப் போடுங்கள்

கேள்வி: ஒரே மாடலில் ஹைபிரிடுக்கும் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ள கார்) வெறும் பெட்ரோல் காருக்கும் விலையில் பெரிய வித்தியாசம். மைலேஜிலேயே அந்தப் பணம் திரும்பி வந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். வருமா?

வரும். எப்போது என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார். அந்த வித்தியாசத் தொகையை இன்றைய பெட்ரோல் விலையால் வகுங்கள். 2,000 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் ஹைபிரிட் 22 கிலோமீட்டரும் கொடுத்தால், 100 கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2.1 லிட்டர். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் போட்டதை எடுக்க ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். 25,000 ஓட்டினால் நான்கு வருடம்கூட ஆகாது. கடனில் வாங்கினால் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சில மாடல்களில் ஹைபிரிட் உயர்ந்த வேரியண்டில் மட்டும்தான் கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி சன்ரூஃபுக்குப் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மாதத்துக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஹைபிரிட் வாங்கலாமா?

வேண்டாம்.

கேள்வி: என் ஓட்டம் முழுக்க நெடுஞ்சாலைதான். நல்ல லாபம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நகரத்தில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிற அளவு கிடைக்காது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைத்தான் ஹைபிரிட் பேட்டரியில் சேர்த்துவைக்கிறது. நெரிசலில் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்கிறது. பிரேக்கையே தொடாமல் ஒரே வேகத்தில் போகிறவரிடம் சேர்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருக்கிறது. மைலேஜோ பழைய கார் கொடுத்ததேதான். ஏன்?

வாருங்கள், நானும் உங்கள் கட்சி. இப்படி ஒன்றை நானும் வாங்கினேன். ஒரு வருடம் பெட்ரோல் பில்களை டாஷ்போர்டில் சேர்த்துவைத்துக் கூட்டிப் பார்த்தால், முந்தைய காரைவிட லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. இன்றைக்கும் வண்டியைக் கழுவும்போது அந்த பேட்ஜை மட்டும் துடைப்பதில்லை.

அது மைல்டு ஹைபிரிட். பெரும்பாலும் பெல்ட்டில் மாட்டிய ஒரு சின்ன மோட்டார்தான். சிக்னலில் நின்ற இன்ஜினை எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும். தனியாக வண்டியை இழுக்கிற தெம்பு அதற்குக் கிடையாது. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட பிரியஸ், மோட்டாரை மட்டும் வைத்தே நகரும். இரண்டுக்கும் ஒரே பெயரை ஒட்டி விற்கிறார்கள். பால் கலந்த தண்ணீரையும் பால் என்று விற்கிற வேலை இது. விளம்பரத்தில் ‘மைல்டு’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். டெஸ்ட் டிரைவில் இன்ஜின் சூடான பிறகு, வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். இன்ஜின் விழிக்காமல் பத்து மீட்டர் போனால் அது நிஜ ஹைபிரிட்.

கேள்வி: வெளியிலிருந்து மின்சாரம் போட்டு சார்ஜ் செய்கிற பிளக்-இன் ஹைபிரிட் வாங்கிவிட்டேன். குடியிருப்பில் சார்ஜ் போட இடமில்லை. என்ன செய்யலாம்?

வாங்குவதற்கு முன்னால் கீழே இறங்கிப்போய்ச் சுவரில் பிளக் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். சார்ஜ் போடாவிட்டால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும். சங்கத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் விற்றுவிடுங்கள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: பழைய ஹைபிரிட் வாங்கி இரண்டே மாதத்தில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிகிறது. விற்பதற்கு முன்பு வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த பிழைப் பதிவை அழித்திருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக். விற்றவர் போனை எடுப்பதில்லை.

இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. விளக்கை அணைத்து விற்றால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அதை இணைத்து விற்றவருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். விற்றது வியாபாரி என்றால் நுகர்வோர் அமைப்புக்கும் போகலாம். கம்பெனியின் பேட்டரி உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல கம்பெனிகள் எட்டு வருடம் வரை கொடுக்கின்றன, பெரும்பாலும் அது புது உரிமையாளருக்கும் தொடரும்.

முழு பேட்டரியையும் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு மாட்யூலின் (சிறு பகுதியின்) வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் பின் சீட்டின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் வலைத் துளை இருக்கும். அது அடைத்தாலும் பேட்டரி சூடாகி விளக்கு எரியும். என் உறவினர் வண்டியில் அதற்குள்ளிருந்து ஒரு கைப்பிடி நாய் முடி வந்தது.