ஆன்லைனில் பழகுபவரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டால் நெருக்கம் கூடுமா?

எனக்குக் கூடவில்லை. நடுவில் கொஞ்சம் குறைந்தே போனது.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். மேட்ரிமோனி தளத்தில் வந்த வரன், மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. நிச்சயம் ஆகும் முன் ஐந்து மாதம் வாட்ஸ்அப்பிலேயேதான் பழக்கம்.

சார்லஸ் பெர்கர், ரிச்சர்ட் கலபிரீஸ் என்ற இரண்டு தொடர்பியல் ஆய்வாளர்கள் 1975இல் ஒரு கோட்பாடு எழுதினார்கள். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் 'இவர் எப்படிப்பட்டவர், அடுத்து என்ன செய்வார்' என்ற நிச்சயமின்மை உறுத்தும்; அது குறையக் குறையப் பிடித்தம் கூடும் என்பது சாரம். குறைத்துக்கொள்ள மூன்று வழி சொல்வார்கள்: தள்ளி நின்று கவனிப்பது, அடுத்தவரிடம் விசாரிப்பது, அவரிடமே பேசுவது.

இரண்டாவதில் எங்கள் அப்பத்தாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் முதல் கேள்வியே 'எந்தக் கோவில்?' என்பதுதான். நகரத்தாருக்குக் கோவில்கள் ஒன்பது, ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோவில் என்றால் பெரும்பாலும் பங்காளி முறை, பேச்சு அதோடு முடிந்தது. நாங்கள் வைரவன்கோவில், அவர்கள் மாத்தூர். சரி என்றதும் அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து போனை எடுத்தார். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடும் ஆச்சி ஒருவர் வழியாக, மாப்பிள்ளையின் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சர்க்கரை இருப்பது வரை இரண்டு நாளில் வந்து சேர்ந்தது.

நான் முதல் வழி. முகநூலில் ஏழு வருடம் பின்னால் போனேன், கைதவறி லைக் விழுந்துவிடக் கூடாதே என்று கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி. ஒரு படத்தில் அவர் மட்டும், புது வேட்டி சட்டையில். கீழே யாரோ "நிச்சயதார்த்த வாழ்த்துகள்டா" என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஒன்று தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் "சாப்டீங்களா" என்று கேட்டால்கூட, சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு இதைக் கேட்கிறாரே என்று தோன்றும். அவராகச் சொல்லட்டும் என்று மூன்று வாரம் இருந்தேன். பேச்சு சுருங்கியதுதான் மிச்சம்.

அப்பத்தாவிடம் சொன்னேன். "கேட்டுர வேண்டியதுதானே ஆத்தா, வாயில என்ன கொழுக்கட்டையா?" ஐயா (தாத்தா) மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலுக்குப் போனால் திரும்ப மூன்று வருடம் ஆகுமாம். வந்த கடிதாசியில் வட்டிக் கணக்கு இருக்கும், மனுஷன் இருக்க மாட்டார் என்பார்.

அன்று இரவு இங்கே ஒன்பதரை, அங்கே பன்னிரண்டு. டைப் செய்து அழித்து, கடைசியில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு போன் வந்தது. "நீங்க பாத்திருப்பீங்கன்னு தெரியும். எப்பக் கேப்பீங்கன்னுதான் இருந்தேன்." நிச்சயம் நின்ற கதையைச் சொன்னார். கேட்க நன்றாக இல்லை, அவர் பக்கமும் தப்பு இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் எங்கள் பேச்சில் 'ங்க' போனது.

விசாரிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பணம் கேட்கிறவர், வீடியோ காலுக்கு வர மறுக்கிறவர் என்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது ஏமாறாமல் இருக்க. நெருக்கத்துக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. 1999இல் லியான் நோப்லாக், டெனிஸ் சாலமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காதல் உறவின் சந்தேகத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: எனக்கு இதில் எவ்வளவு மனசு, அவருக்கு எவ்வளவு, இந்த உறவு எங்கே போகிறது. இதில் ஒன்றுக்காவது முகநூலில் பதில் கிடைக்குமா? பலகார ஆச்சிக்கும் தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. நான் ஏழு வருடம் பின்னால் போனதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு படம் தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.