அயாவோ கொமாட்சு எப்படி ஹாஸ் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தய) அணியின் தலைவரானார்?

டயர் வழியாக என்றுதான் சொல்வேன். நிஜமாகவே அவருடைய முதல் எஃப்1 வேலை டயர் இன்ஜினியர்.

1976ல் டோக்கியோவில் பிறந்தவர். இங்கிலாந்து போய் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியல் படித்து, அங்கேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். 2003ல் பிஏஆர் ஹோண்டா அணி, 2006ல் ரெனால்ட் அணி. 2012ல் ரோமன் குரோஜான் என்ற ஓட்டுநருக்கு ரேஸ் இன்ஜினியர் ஆனார். ரேஸின்போது ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் கேட்கும் குரல் இவருடையது. அந்த வருஷம் குரோஜான் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் முதல் திருப்பத்திலேயே பலரை இடித்துத் தள்ளி, அடுத்த ரேஸில் ஓட்டத் தடை வாங்கினார். அப்படிப்பட்டவரை ரேடியோவில் சமாளித்ததே பெரிய பயிற்சி! 2016ல் ஹாஸ் அணி பிறந்தபோது குரோஜானும் வந்தார், கொமாட்சுவும் வந்தார்.

2023ல் ஹாஸ் வெறும் 12 புள்ளிகளோடு கடைசி இடம். தகுதிச் சுற்றில் அணியின் ஓட்டுநர் ஹுல்கென்பெர்க் முதல் பத்துக்குள் வருவார். ரேஸ் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டயர் செத்துப்போகும், ஒவ்வொருவராக முந்திப் போவார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். ஓடிடி தொடரால் நட்சத்திரமான அப்போதைய அணித் தலைவர் குந்தர் ஸ்டைனரின் ஒப்பந்தத்தை உரிமையாளர் ஜீன் ஹாஸ் நீட்டிக்கவில்லை. 2024 ஜனவரியில் அந்த இடத்தில் கொமாட்சுவை உட்கார வைத்தார். பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் உள்ளேயே ஆள் தேடினார்கள் என்று நானும் நினைத்தேன்.

வந்ததும் அவர் செய்ததைப் பாருங்கள். பஹ்ரைன் சோதனையில் மற்ற அணிகள் ஒரு லாப் வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் டேங்க் நிறைய பெட்ரோலோடு நீண்ட ஓட்டங்களாகவே ஓட்ட வைத்தார். டயர் எங்கே சாகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். "நாங்கள் கடைசியில்தான் இருப்போம்" என்று வெளிப்படையாகவும் சொல்லிவிட்டார். எதிர்பார்ப்பைக் குறைக்கும் தந்திரமும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது ரேஸ் ஜெட்டா. ஹாஸின் இன்னொரு ஓட்டுநர் மேக்னுசனுக்கு 20 விநாடி தண்டனை, முதல் பத்து பேருக்குத்தான் புள்ளி என்பதால் இனி அவருக்குக் கிடைக்காது. அவர் பின்னால் வந்தவர்களை எல்லாம் மறித்துக்கொண்டு மெதுவாக ஓட்ட, அந்த இடைவெளியில் ஹுல்கென்பெர்க் டயர் மாற்ற பிட் போய்விட்டு வந்து 10வது இடம் பிடித்தார். ஒரே ஒரு புள்ளி. பின்னால் மாட்டிக்கொண்ட ஆர்பி அணிக்காரர்கள் கடுப்பானார்கள். எனக்கு அது அழகான ரேஸ். ஆஸ்திரியாவிலும் சில்வர்ஸ்டோனிலும் 6வது இடங்கள் வந்தன. வருஷக் கடைசியில் 58 புள்ளிகள், அணிகள் பட்டியலில் 7வது இடம். பிரேசில் மழையில் ஆல்பைன் அணி தன் ஓட்டுநர்கள் இரண்டு பேரையும் மேடையேற்றாமல் இருந்திருந்தால் 6வது இடமே கிடைத்திருக்கும்.

டயரைத் தாண்டி கொமாட்சு சாதித்தது டொயோட்டா கூட்டு. 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆள்பலத்தில் மிகச் சிறிய அணிகளில் ஒன்றான ஹாஸுக்கு அது பெரிய தெம்பு. 2025ல் மெக்சிகோவில் ஹாஸ் ஓட்டுநர் பேர்மன் 4வதாக வந்தார். அந்த ரேஸை மட்டும் தேடிப் பாருங்கள்.