சேறானால் பரவாயில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகனுக்கு 16 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவை இழந்தான். அதிலிருந்து பள்ளியில் அடிதடி, வீட்டில் பேச்சே கிடையாது, விடிய விடிய போன். அவனைப் பார்க்கும் மனநல ஆலோசகர், வாரம் ஒருமுறை நடக்கும் இயற்கைக் கல்வி வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார். உறவினர் ஒருவரோ, மூன்று வாரம் காட்டில் வைத்துக் கடுமையாகப் பழக்கும் முகாம்தான் சரி என்கிறார். "மரத்தையும் பூச்சியையும் பார்த்தால் திருந்திவிடுவானா?" என்று அக்கா கேட்கிறாள். என்ன சொல்வது?

எம்.

அன்புள்ள எம்,

'திருந்துவது' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடலாம். அப்பாவை இழந்த பையன் அவன். அந்த வயதில் துக்கம் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும்.

இப்படி ஒரு வகுப்பில் நான் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். அங்கே வந்த ஒரு பையன் முதல் மூன்று வாரமும் குளத்தில் கல் எறிந்துகொண்டே இருந்தான். நாங்கள் தடுக்கவில்லை. நான்காவது வாரம் குளத்து நீரைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் ஊற்றி அவன் பக்கத்தில் வைத்தோம். உள்ளே தட்டானின் இளம்பூச்சி ஒன்று. இறக்கை முளைக்காத பருவம். தண்ணீருக்குள்ளேயே வேட்டையாடும், முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இதுவா தட்டானாகும்?" என்றான். அவன் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அப்புறம் தட்டுகளைக் கழுவுவதும் பூச்சிகளை எண்ணிக் குறிப்பதும் அவன் வேலையாயிற்று. எந்தப் பூச்சிகள் இருக்கின்றன என்பதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று கணிக்கலாம். அந்தக் கணக்கு முழுவதும் அவன் கையில். கல் எறிந்தால் நீர் கலங்கிவிடும், எண்ண முடியாது. அவனாகவே நிறுத்திவிட்டான்.

இதில் எது வேலை செய்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற உளவியலாளர்கள் 1989ல் எழுதிய நூலில், வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும் என்றும், நீரோட்டமும் இலையசைவும் மனதை வலிக்காமல் பிடித்து வைப்பதால் அந்தக் களைப்பு ஆறுகிறது என்றும் சொன்னார்கள். 2015ல் கிரெகரி பிராட்மன் குழுவினர் சிலரை 90 நிமிடம் புல்வெளியிலும், வேறு சிலரைப் போக்குவரத்து மிகுந்த சாலையோரத்திலும் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்கு, தன்னைப் பற்றிய கசப்பான எண்ணங்களையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருப்பது குறைந்திருந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் நோயில்லாத பெரியவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வெறும் நடை மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பையனிடம் மாற்றம் வந்தது, அவனுக்குத் தெரிந்த ஒன்று மற்றவர்களுக்குத் தேவைப்பட்டபோது. அதுவரை எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேசினார்கள். இப்போது அவனிடம் வந்து கேட்டார்கள். இன்னொன்று, வெளியில் சண்டை போட ஆள் கிடையாது. மழை நனைத்தால் யாரிடம் கோபப்படுவது? ஒதுங்கத்தான் வேண்டும். பெரியவர்கள் கட்டளையிடாமலே ஒரு பிள்ளை நிதானம் பழகுவது இப்படித்தான்.

அந்த மூன்று வார முகாம் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவில், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளுக்கென்று காட்டு முகாம்களும் தங்கும் பயிற்சிகளும் பெருகின. அங்கே அரசின் தணிக்கை அமைப்பு 2007ல் அவற்றை ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் புகார்கள் வெளிவந்தன. 1990க்கும் 2004க்கும் இடையில் நடந்த 10 இளையோர் மரணங்களை அது விரிவாக விசாரித்தது. உடல்நிலை மோசமான பிள்ளையை 'நடிக்கிறான்' என்று சொல்லி விட்டுவிட்ட சம்பவங்களும் அதில் உண்டு. காட்டைத் தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளை காட்டையும் வெறுப்பான், அனுப்பியவரையும் வெறுப்பான்.

வார வகுப்பில் அவனைச் சேருங்கள் என்று அக்காவிடம் சொல்லுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: வாரா வாரம் அதே பெரியவர்கள்தான் வருகிறார்களா? ஒருவரை இழந்த பிள்ளைக்கு முகங்கள் மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. பிடிக்காத நாளில் ஓரமாக உட்கார விடுவார்களா என்றும் கேளுங்கள். ஆலோசகரிடம் போவதை நிறுத்தாதீர்கள். அதற்கு இது மாற்று இல்லை. வகுப்பு காலையில் என்றால் இன்னும் நல்லது, காலை வெளிச்சம் உடலின் தூக்கக் கடிகாரத்தை நேராக்கும்.

திரும்பி வந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று அக்கா கேட்க வேண்டாம். சாப்பாடு எடுத்து வைத்தால் போதும். முதல் நாள் பழைய செருப்பைக் கொடுத்து, சேறானால் பரவாயில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.