அரசுக் கல்லூரியில் யார் இல்லை?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்திருக்கிறது. கலந்தாய்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துக் குடும்பங்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போடவே தயங்கினார். “அங்கே சேர்த்தால் பழக்கவழக்கம் கெட்டுவிடும், தனியாரில் பணம் கட்டுங்கள்” என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

சேர்த்துவிடுங்கள்.

நான் இரண்டு வருடம் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். காலை ஷிப்ட். ஒரு பையன் விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். சட்டையில் சம்பங்கி வாசம் அடிக்கும். டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனையில், ஒரு சொட்டு கூடினாலும் இளஞ்சிவப்பு அடர்ந்துவிடும். அவன் கை அந்தச் சொட்டைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற கிராம நிர்வாக அலுவலரின் மகன், சொட்டு விடும் குழாயான பியூரெட்டைத் திருகும் நிதானத்தை அவனைப் பார்த்துத்தான் பழகினான். உங்கள் மைத்துனர் சொல்லும் பழக்கவழக்கம் இதுதான்.

இந்தக் கலவை தானாக வரவில்லை. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 என இட ஒதுக்கீடு 69 சதவீதம். மிச்சம் 31 பொதுப் போட்டி.

ஆனால் நான் பாடம் எடுத்த வகுப்பில் எல்லாச் சாதியும் இருந்தது, வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் இல்லை. டாக்டர் மகள், வக்கீல் மகன், அதே கல்லூரிப் பேராசிரியரின் பிள்ளை, யாருமே இல்லை. இட ஒதுக்கீடு அவர்களை விரட்டவில்லை. நாம்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். மிஞ்சியிருப்பவர்கள் கூலிக் குடும்பங்கள்; ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனு எழுதிக்கொண்டு அலைய யாரால் முடியும்? எனக்கு ஆறாத வருத்தம் இது.

இன்னொன்றும் உண்டு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் பிரிந்து, ஒருவன் ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் மற்றவன் பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கும் போவார்கள். 2025இல் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தது நல்ல காரியம். பந்தியும் ஒன்றாக வேண்டும்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். கையெழுத்துக்குத் தயங்கினாரே, அவருக்கும் போன் செய்து தேதியைச் சொல்லிவிடுங்கள்.