வாசகர் கேள்வி: ஐந்து பேருக்கும் ஏற்ற ஒரு மலை

கேள்வி: ஜூன் கடைசியில் சுவிட்சர்லாந்து போகிறோம். இன்டர்லாக்கனில் தங்குகிறோம். ஒரு முழு நாளை மலையில் கழிக்க ஆசை. மகனுக்கு 12 வயது, சாகச விளையாட்டு என்றால் உயிர். மகளுக்கு 7. கூட வரும் மாமியாருக்கு முட்டிவலி. எல்லோரும் யுங்ஃப்ராயோக் போகச் சொல்கிறார்கள். நாங்கள் சைவம். என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: யுங்ஃப்ராயோக்கில் 3,454 மீட்டர் உயரம் வரை ரயிலிலேயே போய் பனியைப் பார்க்கலாம். அருமையான இடம்தான். ஆனால் உங்கள் மகன் கேட்பது ஓடியாட ஒரு மலை. அதற்கு நான் சொல்வது கிரிண்டல்வால்டு என்ற ஊருக்கு மேலே உள்ள ஃபிர்ஸ்ட் (2,168 மீட்டர்). கேபிள் கார் வழியில் போர்ட், ஷ்ரெக்ஃபெல்ட் என்ற இரண்டு இடங்களில் நிற்கும். விளையாட்டுகள் எல்லாம் இந்த நிறுத்தங்களுக்கு நடுவில்தான். விளையாடுகிறவர்கள் பறந்தோ உருண்டோ இறங்கட்டும், உங்கள் மாமியார் கேபிள் காரில் இறங்கி அடுத்த நிறுத்தத்தில் சேர்ந்துகொள்வார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட வசதியான மலை எனக்குத் தெரியாது.

காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து கிரிண்டல்வால்டுக்கு அரை மணிக்குச் சற்று அதிகம். ஒன்று கவனம்: ஸ்வைலூட்ஷினென் என்ற இடத்தில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்ப்ரூனென் போய்விடும். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஸ்விஸ் டிராவல் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான பயணச் சீட்டு) இருந்தால் ரயிலுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஃபிர்ஸ்ட் கேபிள் காருக்குப் பாதிதான்.

மேலே போனதும் முதலில் ‘ஃபிர்ஸ்ட் ஃப்ளையர்’. கம்பியில் தொங்கியபடி 800 மீட்டர் பறந்து ஷ்ரெக்ஃபெல்டில் இறங்குவது. நேரம் ஆக ஆக வரிசை நீளும், அதனால்தான் அதை முதலில் முடிக்கச் சொல்கிறேன். குறைந்தது 35 கிலோ எடை வேண்டும். 12 வயதுப் பையன் ஒல்லியாக இருந்தால் சந்தேகம்தான், ஊரிலேயே எடை பார்த்துவிடுங்கள். ஆசை காட்டி அழைத்துப் போய், அங்கே முடியாது என்றால் பிள்ளை மனம் வாடிவிடும். ஷ்ரெக்ஃபெல்டிலிருந்து போர்ட் வரை மவுண்டன் கார்ட். மூன்று சக்கர வண்டி, எஞ்சின் கிடையாது, தரையை ஒட்டி உட்கார வேண்டும், இரு கையிலும் பிரேக். இதற்கு 135 செ.மீ. உயரம் தேவை. போர்ட்டிலிருந்து ஊர் வரை ட்ரோட்டிபைக், நின்றபடி ஓட்டும் பெரிய சக்கர ஸ்கூட்டர், 125 செ.மீ. போதும். அந்தச் சாலையில் வண்டிகளும் வரும். அங்கே வலப்பக்கம்தான் போக வேண்டும் என்பதை மகனுக்கு இரண்டு தடவை சொல்லிவையுங்கள்.

உங்கள் 7 வயது மகள் இந்த உயரங்களை எட்டியிருக்க மாட்டாள். போர்ட்டில் நல்ல விளையாட்டு மைதானம் இருக்கிறது. பாட்டியும் அவளும் முன்னதாக இறங்கி அங்கே இருந்தால், அண்ணன் கார்ட்டில் வந்து சேர்வதைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் நடுவே பாக்ஆல்ப்ஸே ஏரியை விட்டுவிடாதீர்கள். எனக்கு அந்த மலையில் மிகப் பிடித்தது அதுதான். ஃபிர்ஸ்டிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், ஒரு மணி நேர நடை. தொடக்கத்தில் ஏற்றம், அப்புறம் அகலமான சரளைப் பாதை. என் அம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் ஷூவுமாக, ஊன்றுகோலோடு உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார். ஏரிக்கரையில் டப்பாவைத் திறந்து புளிசாதத்தை உருட்டி எங்கள் கைகளில் வைத்தார். காற்றில்லாத நேரத்தில் 4,078 மீட்டர் உயர ஷ்ரெக்ஹார்ன் சிகரம் அப்படியே தண்ணீரில் தெரியும். உங்கள் மாமியாருக்கு முடிந்தவரை நடக்கட்டும். முடியாவிட்டால் ஃபிர்ஸ்ட் உணவகத்தின் வெளி இருக்கைகளிலிருந்தே ஐகர் சிகரம் தெரியும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், சப்பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். ஜூனிலும் மேலே குளிரும், ஜாக்கெட் கட்டாயம்.

கேள்வி: அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால்?
- வாசகர், கோவை

பதில்: கேபிள் கார் டிக்கெட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். காலையில் மலை உச்சி வெப்கேமைப் பாருங்கள், கீழே மேகமாக இருந்தாலும் மேலே வெயில் அடிக்கலாம். மேலேயும் மூட்டம் என்றால் லவுட்டர்ப்ரூனென் பள்ளத்தாக்கில் ட்ரூம்மல்பாக் அருவிக்குப் போய்விடுங்கள். மலையைக் குடைந்துகொண்டு பத்து அருவிகள் உள்ளேயே விழுகின்றன. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் பனிப்பாறைகளின் தண்ணீர் அது, நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாயும். பாறைக்குள் லிஃப்ட் உண்டு, அதற்கு மேல் ஈரப் படிகள். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. வழுக்காத ஷூ போட்டுப் போங்கள், காமிராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.